மண்புழுவின் உடல் நீர்களும் போத்தலில் வரும் மண்புழு நீரும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களும் தென்னை, காய்கறி பயிரிடுபவர்களும் ‘மண்புழு நீர்’ என்றும் ‘வெர்மிவாஷ்’ என்றும் ‘மண்புழுக் குளியல் நீர்’ என்றும் அழைக்கப்படும் பழுப்பு நிறத் திரவத்தை நன்கு அறிவார்கள். பயிருக்குத் தெளிக்கும் ஊட்டநீர் என்ற அளவில் அதற்கு உரிய இடம் உண்டு. குழப்பம் அதற்கு அப்பால் தொடங்குகிறது. கைபேசியில் சுற்றும் குறிப்புகளில் சில அதை மண்புழுவின் வியர்வை என்கின்றன. சில மண்புழுவின் ரத்தம் என்கின்றன. வேறு சில குறிப்புகள், ரத்தக் கட்டியைக் கரைக்கும் லும்ப்ரோகைனேஸ், உயிரணுவின் சவ்வைத் துளைக்கும் லைசெனின் என்று ஆய்வகங்களிலிருந்து வந்த செய்திகளை எடுத்து, அவை எல்லாம் அந்தப் போத்தலுக்குள்ளேயே இருப்பதாகவும், ஆகவே அதைக் குடித்தாலும் நல்லது, காயத்தில் பூசினாலும் நல்லது என்றும் முடிக்கின்றன.

லும்ப்ரோகைனேஸ் உண்மை, லைசெனினும் உண்மை. ஆனால் அவை மண்புழுவின் எந்த நீரில் இருக்கின்றன, எந்த இனத்துப் புழுவில் இருக்கின்றன, தொட்டியிலிருந்து சொட்டும் நீருக்குள் அவை எவ்வளவு வந்து சேரும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் அந்தப் பெயர்களை ஒரு போத்தலின் மீது ஒட்டுவது தவறு. அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண, புழுவின் உடலிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு புழுவுக்குள் எத்தனை நீர்

மண்புழுவின் உடல் எடையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர்தான். எலும்பு இல்லாத அந்த உடல் விறைப்பாக நிற்பதும், இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு போவதும் உள்ளே அடைபட்டிருக்கும் நீரின் அழுத்தத்தால். அந்த நீர் ஒரே நீர் அன்று. ஐந்து வெவ்வேறு நீர்களைப் பிரித்து அறிய வேண்டும்.

1. குருதி: மூடிய நாளங்களுக்குள் ஓடும் சிவப்பு நீர். காயம் பட்டாலொழிய வெளியே வராது.

2. உடற்குழி நீர்: குடலுக்கும் வெளித் தசைச் சுவருக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பியிருக்கும், பால்போன்ற அல்லது மஞ்சள் நிறமான நீர். பல இனங்களில், முதுகுப்புறத்தில் வளையத்துக்கு வளையம் இருக்கும் நுண்துளைகள் வழியாகப் புழுவால் இதை வெளியே பீய்ச்ச முடியும்.

3. தோல் சளி: தோலிலுள்ள சுரப்பிச் செல்கள் சுரக்கும் வழவழப்பு.

4. கழிவு நீர்: நெஃப்ரிடியா எனப்படும் நுண்குழல்கள் வடிக்கும் நீர்; நம் சிறுநீருக்கு ஒப்பானது.

5. குடல் நீர்: உண்ட மண்ணோடும் மட்கிய இலையோடும் கலந்து செரிமானம் நடத்தும் நீர்.

தூண்டிலில் மாட்டுவதற்காகக் கண்மாய்க் கரையில் தோண்டியெடுத்த புழுவைக் கையில் பிடிப்பவர் விரலில் ஒட்டுவது இரண்டாவதும் மூன்றாவதும் கலந்த கலவை. தோலில் உப்புத் தூள் பட்டதும் புழு நெளிந்து நுரைப்பதும் அதே கலவையைத்தான். ‘வியர்வை’ என்ற சொல் இங்கே பொருந்தவே பொருந்தாது. மண்புழுவுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது.

இனம் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாக்குப்பூச்சி, நாங்கூழ், பூநாகம் என்று ஒரே உயிருக்குத் தமிழில் பல பெயர்கள் இருப்பதுபோல, ‘மண்புழு’ என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடங்கியிருக்கின்றன. உரத் தொட்டிகளில் பெரிதும் வளர்க்கப்படுவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே. சிலர் ஐரோப்பிய இனமான ஐசீனியா ஃபெடிடாவை வளர்க்கிறார்கள். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் கீழை நாடுகளுக்கு உரியது. வயலிலும் கொல்லையிலும் தானாக இருப்பவற்றுள் லாம்பிட்டோ மாரிட்டை முதன்மையானது. ஆய்வகச் செய்திகளில் பெரும்பகுதி ஐசீனியாவையும், ஐரோப்பிய வயல் புழுவான லும்ப்ரிகஸையும் பற்றியவை. அவற்றை அப்படியே நம் தொட்டிப் புழுவுக்கு உரியனவாகப் படிப்பது, எருமையைப் பற்றி எழுதியதை ஆட்டுக்குப் பொருத்திப் பார்ப்பது போன்றது.

குருதி: செல்லுக்குள் அடங்காத ஹீமோகுளோபின்

மண்புழுவின் குருதியும் ஹீமோகுளோபினால்தான் சிவக்கிறது. அதிலும் இரும்புதான் ஆக்சிஜனைப் பிடிக்கிறது. வேறுபாடு, அது இருக்கும் இடத்தில். நம் உடலில் ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் பொதிந்திருக்கிறது. மண்புழுவிலோ அது எந்தச் செல்லுக்குள்ளும் இல்லாமல் குருதி நீரிலேயே கரைந்து மிதக்கிறது. இந்த வகைக்கு எரித்ரோகுரூரின் என்று பெயர்.

கரைந்து மிதக்கும் புரதத்துக்கு இரண்டு இடர்கள் உண்டு. மூலக்கூறு சிறியதாக இருந்தால் நாளச் சுவரின் நுண்ணிடைவெளிகள் வழியாகக் கசிந்து கழிவு நீரில் போய்விடும். மேலும், ஒரு கரைசலின் ஊடுபரவல் அழுத்தம் அதில் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. துகளின் பருமனைப் பொறுத்தது அன்று. சிறு மூலக்கூறுகள் எண்ணற்றுக் கரைந்திருந்தால் குருதி சுற்றியுள்ள நீரைத் தாறுமாறாக உறிஞ்சத் தொடங்கும். மண்புழு இரண்டுக்கும் ஒரே தீர்வைக் கண்டிருக்கிறது: மூலக்கூறைப் பேருருவாகக் கட்டிவிட்டது. மனித ஹீமோகுளோபின் 4 புரதச் சங்கிலிகள் சேர்ந்த, ஏறத்தாழ 64,500 டால்டன் (மூலக்கூறின் நிறையை அளக்கும் அலகு) நிறையுள்ள மூலக்கூறு. லும்ப்ரிகஸ் மண்புழுவினுடையதோ 144 ஆக்சிஜன் தாங்கிச் சங்கிலிகளையும், அவற்றைப் பிணைக்கும் 36 இணைப்புச் சங்கிலிகளையும் கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று வைத்த இரண்டு அறுகோணத் தட்டுகள்போல் அமைந்த, ஏறக்குறைய 36 லட்சம் டால்டன் நிறையுள்ள கட்டுமானம்.

இவ்வளவு பெரிய மூலக்கூறு தோலின் வழியாக வெளியே வடிய வழியில்லை. ஆகவே ‘மண்புழுவின் ரத்தம்’ என்ற விளம்பரச் சொல் இங்கேயே தள்ளுபடியாகிறது. மண்புழு நீரின் பழுப்பு நிறம், மட்கிய சாணத்திலும் இலையிலும் இருந்து கரைந்து வரும் ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்களின் நிறம்.

உடற்குழி நீர்: காவலும் கருவூலமும்

மண்புழு வேதியியலின் வளமான பகுதி இதுதான். புழுவின் அக நீர்களின் உப்புச் செறிவு மனிதக் குருதியினுடையதில் ஏறத்தாழப் பாதி. அதனால்தான் நமக்கு ஒரு சிட்டிகையாகத் தெரியும் உப்பு புழுவின் உடலிலிருந்து நீரை உறிஞ்சி அதைக் கொன்றுவிடுகிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு ஆகிய அயனிகளோடு அமினோ அமிலங்களும் புரதங்களும் அந்த நீரில் கரைந்திருக்கின்றன. கூடவே உடற்குழிச் செல்கள் மிதக்கின்றன.

அந்தச் செல்களை இரண்டு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். ஒரு பிரிவு அமீபா போல உருமாறி, உள்ளே நுழைந்த பாக்டீரியாவை விழுங்குவது. இன்னொன்று குடலைப் போர்த்தியிருக்கும் குளோரகோஜன் திசுவிலிருந்து கழன்று வந்து மிதப்பது. இதற்கு எலியோசைட் என்று பெயர். குளோரகோஜன் திசு புழுவுக்குக் கல்லீரல் போன்றது. கிளைக்கோஜனும் கொழுப்பும் சேமிப்பது, அமினோ அமிலங்களைச் சிதைத்து அம்மோனியாவும் யூரியாவும் ஆக்குவது, வேண்டாத உலோகங்களைத் தன் துகள்களுக்குள் பூட்டி வைப்பது ஆகிய வேலைகள் அங்கே நடக்கின்றன. ஐசீனியா ஆண்ட்ரேய் போன்ற இனங்களின் எலியோசைட்டுகளில் ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, மிகுதியாக இருக்கிறது. புற ஊதா ஒளியில் பார்த்தால் அந்தச் செல்கள் பசுமஞ்சளாக ஒளிரும். மண்புழு நீரில் வைட்டமின்கள் உண்டு என்று சொல்லப்படுவதற்கு இது ஓர் அடிப்படை. எனினும் ரைபோஃபிளேவின் ஒளி பட்டால் விரைவில் சிதையும் பொருள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கிருமி உள்ளே நுழைந்தால் நடப்பவை இவை. பாக்டீரியாவின் சுவரிலும் பூஞ்சையின் சுவரிலும் உள்ள சர்க்கரைத் தொடர்களை அடையாளம் காணும் ஒரு புரதம் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பற்றுதல் ஒரு நொதித் தொடரைத் தூண்டி மெலனின் நிறமியை உருவாக்குகிறது. லைசோசைம் பாக்டீரியாவின் சுவரை அறுக்கிறது. விழுங்க முடியாத அளவு பெரிய ஒட்டுண்ணியாக இருந்தால், செல்கள் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு பழுப்பு நிற உருண்டையாக மூடிவிடுகின்றன. அந்த உருண்டைகள் மெல்ல வால் நுனிக்கு நகர்த்தப்பட்டு, நுனி வளையங்களோடு சேர்த்து உதிர்க்கப்படுவதும் உண்டு. கிருமி பெருகிய மண்ணிலேயே வாழ்நாள் முழுவதும் உழலும் ஓர் உயிர், நம்முடையது போன்ற எதிர்ப்பொருள்கள் ஒன்றும் இல்லாமல் பிழைப்பது இப்படித்தான். இதை நினைக்கும்தோறும் வியப்பு மேலிடுகிறது.

லைசெனின் எப்படித் துளைக்கிறது

1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஐசீனியா ஃபெடிடாவின் உடற்குழி நீரிலிருந்து லைசெனின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 297 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதம் முதுகெலும்பு உள்ள விலங்குகளின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதன் செயல்முறையைப் படிப்படியாகப் பார்ப்பது, பின்னால் வரும் பல ஐயங்களைத் தீர்க்கும்.

1. விலங்குச் செல்லின் சவ்வு பல வகைக் கொழுப்புகளால் ஆனது. அவற்றுள் ஒன்று ஸ்ஃபிங்கோமயலின். லைசெனின் இந்த ஒரு கொழுப்பைத் தேடித்தான் ஒட்டுகிறது.

2. ஒட்டிய லைசெனின் மூலக்கூறுகள் சவ்வின் மீது நகர்ந்து, ஒன்பது ஒன்பதாக வளையம் கட்டுகின்றன.

3. ஒவ்வொரு மூலக்கூறும் தன் ஒரு பகுதியை நீட்டிச் சவ்வுக்குள் செருகுகிறது. ஒன்பதும் சேர்ந்து பீப்பாய் வடிவமான ஒரு துளை உண்டாகிறது.

4. அந்தத் துளை வழியாக அயனிகளும் நீரும் கட்டுப்பாடின்றிப் புகுவதால் செல் உப்பி வெடிக்கிறது.

முதல் படியே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்ஃபிங்கோமயலின் இல்லாத சவ்வில் லைசெனினுக்கு வேலை இல்லை. தாவரச் செல்லின் சவ்வில் ஸ்ஃபிங்கோமயலின் கிடையாது. பாக்டீரியாவின் சவ்விலும் பொதுவாகக் கிடையாது. பழ ஈ போன்ற பூச்சிகளில் அதன் இடத்தில் வேறொரு கொழுப்பு இருக்கிறது. ஆகவே ‘லைசெனின் உள்ள மண்புழு நீரைத் தெளித்தால் பூச்சி சாகும்’ என்ற வாசகத்துக்கு அந்தப் புரதத்தின் இயல்பிலேயே இடமில்லை. முதுகெலும்புள்ளவற்றின் செல்களில் ஸ்ஃபிங்கோமயலின் நிறைய உண்டு. ஆகவே காயத்தில் நேரடியாகப் பட்டால் அது சாடக்கூடியது நம் செல்லைத்தான். ஆய்வகங்களில் லைசெனினுக்கு இன்று மதிப்பு இருப்பதும் இதே காரணத்தால்: ஒரு செல்லின் சவ்வில் ஸ்ஃபிங்கோமயலின் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறியாக அது பயன்படுகிறது.

ஃபெடிடின் முதலிய அதன் உறவினப் புரதங்களும் ஐசீனியாவிலிருந்தே கிடைத்தவை. ஃபெடிடா என்ற இனப்பெயரே துர்நாற்றம் உடையது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்; சீண்டினால் அது பீய்ச்சும் மஞ்சள் நீரின் வாடைக்கு இட்ட பெயர். நம் தொட்டிகளில் நெளியும் யூட்ரிலஸை அந்தப் பெயரால் விற்பதும், அதன் நீருக்கு ஐசீனியாவின் புரதங்களைச் சொந்தமாக்குவதும் இன வேறுபாட்டை மறைப்பதாகும்.

தோல் சளியும் கழிவு நீரும்: பயிருக்கு உண்மையில் உதவுபவை

லைசெனினுக்குக் கிடைக்கும் வெளிச்சம் சளிக்குக் கிடைப்பதில்லை. ஆனால் மண்ணைப் பொறுத்தவரை சளிதான் பெரிய வேலைக்காரி. புழுவுக்கு நுரையீரல் இல்லை. தோல் ஈரமாக இருந்தால்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்து உள்ளே போகும். அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பது சளியிலுள்ள சர்க்கரை பிணைந்த புரதங்கள். புழு போகும் வளைகளின் சுவரெல்லாம் இந்தச் சளி பூசப்படுகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) நிறைந்த, எளிதில் செரிக்கக்கூடிய அந்த உணவைத் தேடி பாக்டீரியா வளைச் சுவரில் மொய்க்கின்றன. மட்குவதற்கு நெடுநாள் எடுக்கும் வைக்கோலும் சருகும், சளியால் தூண்டப்பட்ட நுண்ணுயிர்களால் விரைவில் மட்குகின்றன.

கழிவு நீரில் முதன்மையானவை அம்மோனியாவும் யூரியாவும். ஈரமும் உணவும் நிறைவாக இருக்கும்போது அம்மோனியா மிகுகிறது. பட்டினி கிடக்கும்போது யூரியாவின் பங்கு கூடுகிறது. அம்மோனியா நஞ்சு, அதை வெளியேற்ற நிறையத் தண்ணீர் வேண்டும். யூரியா அவ்வளவு நஞ்சில்லை. குறைந்த நீரிலும் வெளியேற்றலாம். கல்லூரி விலங்கியல் பாடத்தில் நெடுங்காலமாக இடம்பெறும் மெட்டாஃபயர் போஸ்துமா என்ற இந்தியப் புழு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது: அதன் நெஃப்ரிடியாக்களில் ஒரு பெரும் பகுதி வெளியே திறக்காமல் குடலுக்குள்ளேயே திறக்கின்றன. கழிவு நீரிலுள்ள தண்ணீரைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் செட்டிநாட்டு மண் போன்ற நிலத்தில் இத்தகைய சிக்கனத்தின் அருமை தெரியும்.

வெளியேறிய அம்மோனியாவை மண்ணிலும் தொட்டியிலும் உள்ள பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் எளிதாக எடுத்துக்கொள்ளும் வடிவம் அதுதான். மண்புழு நீரில் புழுவின் உடலிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஊட்டம் எது என்று கேட்டால், இந்தச் சளியின் கரைபொருள்களையும் இந்தத் தழைச்சத்தையும்தான் சுட்ட வேண்டும்.

குடல் நீர்: சுண்ணாம்பு, சருகு, ரத்தக் கட்டி

குடலில் மூன்று வேதிப்பொருள்கள் கவனிக்கத் தக்கவை.

1. கால்சியம் கார்பனேட். லும்ப்ரிகஸ், யூட்ரிலஸ் முதலிய இனங்களின் உணவுக் குழலை ஒட்டிச் சுண்ணச் சுரப்பிகள் உள்ளன. உணவில் வந்த மிகுதிக் கால்சியத்தையும் உடலில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடையும் இணைத்து அவை கால்சியம் கார்பனேட்டாக வெளியேற்றுகின்றன. புழு எச்சம் சுற்றியுள்ள மண்ணைவிட நடுநிலையை ஒட்டி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். செம்புறாங்கல் வெட்டியெடுக்கும் இந்தப் பகுதி மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாமல் வைப்பது பெருங்குறை. அமிலத்தன்மை குறையும்போது அந்தப் பிடி தளர்கிறது. புழு எச்சத்தில் பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்து மிகுந்திருப்பதோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2. டிரைலோடிஃபென்சின். உதிர்ந்த இலைகளில் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருள்கள் உண்டு. அவை புரதங்களோடு ஒட்டி அவற்றைத் திரிய வைப்பவை. கொட்டைப்பாக்கின் துவர்ப்பு நாக்கைப் பிடிப்பதும் அதே வினைதான். இலைதின்னிகளின் செரிமான நொதிகளை முடக்குவதே பாலிஃபீனாலின் பயன். மண்புழு மட்டும் எப்படிச் சருகைத் தின்கிறது என்ற கேள்விக்கு 2015இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு விடை கண்டது: குடல் நீரில் சோப்பைப் போன்ற பரப்பு விசைக் குறைப்பிகள் இருக்கின்றன, அவை பாலிஃபீனாலைச் சூழ்ந்துகொண்டு நொதிகளை அண்டவிடாமல் தடுக்கின்றன. அவற்றுக்கு வைத்த பெயர்தான் டிரைலோடிஃபென்சின்.

3. லும்ப்ரோகைனேஸ். இது ஒரே பொருள் அன்று. ரத்தக் கட்டியின் வலையான ஃபைப்ரினை அறுக்கும் புரதச் சிதைப்பு நொதிகளின் கூட்டம். ஜப்பானின் மியாசாகி மருத்துவக் கல்லூரியில் ஹிசாஷி மிஹாராவும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் லும்ப்ரிகஸ் ருபெல்லஸ் என்ற இனத்திலிருந்து இதைப் பிரித்து விளக்கினார்கள். புழுவைப் பொறுத்தவரை இது செரிமான நொதி.

தொட்டியிலிருந்து சொட்டுவது என்ன

இப்போது போத்தலுக்கு வரலாம். மண்புழு நீர் தயாரிக்க இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. இரண்டின் வேதியியலும் ஒன்றன்று.

முதல் வழியைத் தமிழ்நாட்டில் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர், சென்னைப் புதுக் கல்லூரியில் பணியாற்றிய மண்புழு அறிவியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில். அடியில் குழாய் வைத்த பீப்பாயில் உடைத்த செங்கல் அல்லது கூழாங்கல், அதன்மேல் மணல், அதன்மேல் மண் என்று அடுக்கிப் புழுக்களை விட்டு, சாணமும் வைக்கோலும் பரப்பி, மேலே தொங்கவிட்ட பானையின் துளை வழியாக இரவு முழுவதும் நீரைச் சொட்டவிடுவது இந்த முறை. சொட்டும் நீர் சாணத்தையும் எச்சத்தையும் புழு வளைகளையும் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. ஆகவே குழாயில் வருவது மிகப் பெரும்பாலும் எச்சத்தின் வடிநீர். அதில் சளியும் கழிவு நீரும் சிறு பங்கு. கரைந்த நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், கால்சியம், ஹியூமிக் பொருள்கள், அமினோ அமிலங்கள், ஃபாஸ்ஃபடேஸ், யூரியேஸ் போன்ற நொதிகள், உயிருள்ள நுண்ணுயிர்கள், அவை உண்டாக்கிய ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்பரலின் ஆகிய வளர்ச்சி ஊக்கிகள் இதில் உள்ளன. வளர்ச்சி ஊக்கிகளைச் செய்தது புழு அன்று, பெரும்பாலும் நுண்ணுயிர். இதைத் தெளிவாகச் சொல்வதால் புழுவின் பெருமை குறையாது, அந்த நுண்ணுயிர்களை வளர்த்துவிட்டதே புழுவின் சளியும் குடலும்தான்.

இரண்டாவது வழியில், எச்சம் நீக்கிய ஒரு கிலோ புழுக்களை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இட்டு இரண்டு நிமிடம் அலசி எடுத்துவிட்டு, பிறகு சாதாரண நீரில் இன்னொரு முறை அலசி, இரண்டு நீரையும் சேர்க்கிறார்கள். வெப்பத்தாலும் அலைப்பாலும் சீண்டப்பட்ட புழு உடற்குழி நீரை வெளியே விடுகிறது. உடல் நீர் உண்மையிலேயே கலந்த மண்புழு நீர் இதுதான். ஆனால் புழுவுக்கு இது பெரும் வதை. இழந்த செல்களை மீண்டும் உருவாக்க அதற்கு வாரங்கள் ஆகும். என் கருத்தில், பயிருக்கு இந்த வதையால் கூடுதலாகக் கிடைப்பது மிகக் குறைவு. உடற்குழி நீரின் சிறப்பான புரதங்கள் பெரிய மூலக்கூறுகள். இலையின் மெழுகுப் படலத்தைக் கடந்து அவை உள்ளே போக முடியாது. இலைமேல் வெயிலில் காய்ந்து, நுண்ணுயிர்களால் சிதைந்து, கடைசியில் அவையும் வெறும் தழைச்சத்தாகவே முடிகின்றன.

எந்த வழியில் எடுத்தாலும் தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. உர மூட்டையின் இடத்தை நிரப்ப அதனால் முடியாது. பத்து மடங்கு நீரில் கலந்து இலைவழி தெளிக்கும்போது அது தரும் பயன், மிகச் சிறு அளவிலேயே வேலை செய்யும் வளர்ச்சி ஊக்கிகளாலும் நுண்ணுயிர்களாலும் வருவது.

மருந்து என்று சொல்லப்படுவது பற்றி

1. லும்ப்ரோகைனேஸ் சீனாவில் உறை மாத்திரையாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அது புழுவிலிருந்து பிரித்து, தூய்மை செய்து, இரைப்பை அமிலத்தில் சிதையாதபடி உறையிட்டுச் செய்யப்படுவது. தொட்டி நீரில் அந்த நொதி ஒரு சிறு துளி இருந்தாலும் அளவு தெரியாது, தூய்மை கிடையாது, இரைப்பையைக் கடக்கவும் உறுதியில்லை.

2. ரத்தக் கட்டியைக் கரைக்கும் தன்மை எதற்கும் மறுபக்கம் ரத்தக் கசிவு. ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள் லும்ப்ரோகைனேஸ் மாத்திரையைக்கூட மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

3. மண்புழு நீர் மாட்டுச் சாணத்தின் வழியாக வடிந்த நீர். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாவும் காயத்தில் இசிவு நோய் (டெட்டனஸ்) உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியமும் சாணத்திலும் மண்ணிலும் இருக்கக்கூடியவை. குடிப்பதும் காயத்தில் பூசுவதும் ஆபத்து. இதில் எனக்கு ஐயமே இல்லை.

4. சித்த மருத்துவத்தில் பூநாகம் இடம்பெறுவதை ஆதாரமாகக் காட்டுவோரும் உண்டு. அந்த மரபில் புழு நேரடியாகக் கொடுக்கப்படுவதில்லை. தூய்மை செய்தல், புடமிடல் முதலிய படிகளுக்குப் பின்னரே மருந்தாகிறது. பூநாகத்திலிருந்து செம்பு எடுப்பது பற்றியும் அந்த மரபு பேசுகிறது. மண்ணிலுள்ள உலோகத்தைப் புழுவின் உடல் சேர்த்து வைக்கும் என்று இன்றைய வேதியியல் சொல்வதோடு அது இணைந்து போவது கவனிக்கத் தக்கது. ஆனால் அதற்கும் போத்தல் நீருக்கும் தொடர்பில்லை.

தொட்டியில் விழுவதும் நீரில் வருவதும்

உலோகம் பற்றிச் சொன்னதன் தொடர்ச்சி நடைமுறைக்கு முக்கியமானது. காட்மியம் உடலுக்குள் நுழைந்தால், கந்தகம் செறிந்த மெட்டலோதயோனின் என்ற சிறு புரதத்தைப் புழு மிகுதியாகச் செய்து, உலோக அணுக்களை அதன் கந்தகப் பிடிகளில் கட்டிவைக்கிறது. ஈயமும் துத்தநாகமும் குளோரகோஜன் துகள்களில் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகின்றன. இப்படிக் கட்டிவைத்துக்கொண்டு புழு பிழைத்துவிடும். ஆகவே தொட்டியில் புழு செழித்திருப்பது, தொட்டியில் நஞ்சு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. நகரக் குப்பையைப் பிரிக்காமல் கொட்டும் தொட்டியில் பழைய மின்கலமும் சாயம் பூசிய பொருளும் கிடந்தால், அவற்றின் உலோகத்தில் ஒரு பகுதி எச்சத்துக்கும் வடிநீருக்கும் வரும். கீரை பயிரிடுபவர்கள் இதை மறக்கக்கூடாது.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரைத் தொட்டியில் விட்டால், புழுவின் நீர் தோல் வழியாக வெளியேறி அது சோர்வதோடு, வடிநீரும் உப்பேறி இலையைக் கருக்கும். குழாய் நீரில் குளோரின் இருந்தால், திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்த பிறகே பயன்படுத்த வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் நடுமுற்றத்துக் கூரையிலிருந்து இறங்கும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைக்கும் வழக்கம் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். உப்பும் இல்லை, குளோரினும் இல்லை. பாசன நீருக்கு மண் பரிசோதனை நிலையத்தில் பார்க்கும் அதே இரண்டு அளவுகளை, அதாவது கார அமில நிலையையும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறனையும், மண்புழு நீருக்கும் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குபவர் தம் மூக்கையும் நம்பலாம். நன்றாக வடிந்த நீருக்கு மழை பெய்த மண்ணின் வாசனை இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், காற்றுப் புகாத தொட்டியில் கந்தகச் சேர்மங்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாகச் சிதைந்திருக்கின்றன என்று பொருள். மூக்கை அரிக்கும் நெடி அடித்தால், அம்மோனியா நைட்ரேட்டாக மாறி முடியவில்லை. அதை இளங்கன்றுக்குத் தெளிக்கக்கூடாது. மூடி திறந்ததும் நுரைத்துப் பொங்கினால், உள்ளே நொதித்தல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இறுக மூடி வெயிலில் வைத்தால் போத்தல் வெடிக்கவும் கூடும். நிழலில், மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்து, எடுத்த சில வாரங்களுக்குள் தெளித்துவிட வேண்டும்.